டேகேர் பில்லும் மாநில டாக்ஸ் கிரெடிட்டும்: நியூ ஜெர்சியை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் வாடகைக்கு அடுத்த பெரிய செலவு டேகேர்தான். கைக்குழந்தைக்கு இன்னும் அதிகம். காரணம் ஒன்றும் மர்மமில்லை. நியூ ஜெர்சி விதிப்படி, ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள நான்கு குழந்தைகளுக்கு ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். அந்த ஆளின் சம்பளம், கட்டட வாடகை, காப்பீடு எல்லாவற்றையும் நான்கு வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் கூலியில்தான் கை வைக்கவேண்டும். அவர் ஏற்கெனவே குறைந்த கூலிக்குத்தான் வேலை செய்கிறார்.

இந்தச் சுமையில் ஒரு பகுதியை அரசு வரி வழியாகத் திருப்பித் தருகிறது. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு தருவது பலருக்குத் தெரியும். மாநில அரசு தனியாகத் தருவதைப் பலரும் கவனிப்பதில்லை. வரி மென்பொருளில் மத்தியப் பகுதியை முடித்த களைப்பில், மாநிலப் பகுதியில் கேட்கிற கேள்விக்கெல்லாம் கடகடவென்று 'இல்லை' என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். குறைந்த சம்பளக் குடும்பத்துக்கு அந்த 'இல்லை'யின் விலை இரண்டாயிரம் டாலரைத் தாண்டலாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்வோம். கணக்கெல்லாம் 2025 வருமானத்துக்கு, அதாவது 2026ல் தாக்கல் செய்வதற்கு.

முதலில் அடிப்படை. டிடக்‌ஷன் வேறு, கிரெடிட் வேறு. டிடக்‌ஷன் என்பது வரி போடப்படும் வருமானத்திலிருந்து கழிவது. நீங்கள் 12 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 1,000 டாலர் டிடக்‌ஷன் உங்களுக்கு 120 டாலர்தான் மிச்சம் பிடித்துத் தரும். கிரெடிட் என்பது கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிவது. 1,000 டாலர் கிரெடிட் என்றால் முழுசாக 1,000 டாலர். குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு அமெரிக்கா 1954ல் டிடக்‌ஷனாகத்தான் இடம் கொடுத்தது. 1976ல் அதைக் கிரெடிட்டாக மாற்றினார்கள். டிடக்‌ஷனால் அதிக வரி கட்டுகிறவருக்கே அதிக லாபம். கிரெடிட் வந்தபின் குறைந்த வரி அடுக்கில் இருப்பவருக்கும் அதே அளவு பயன் போய்ச் சேர வழி பிறந்தது.

கிரெடிட்டிலும் இரண்டு வகை. ஒன்று, வரியைப் பூஜ்யம் வரை கொண்டுபோய் அங்கேயே நின்றுவிடும். இந்தியாவில் வருமான வரி தாக்கல் செய்தவர்களுக்கு 87ஏ தள்ளுபடி தெரிந்திருக்கும். அது இந்த வகை. கட்டவேண்டிய வரி 300 டாலர், கிரெடிட் 500 டாலர் என்றால் மீதி 200 உங்களுக்கு வராது. இரண்டாவது வகை, ரீஃபண்டபிள். இதில் அந்த மீதி 200 டாலரும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வரியே கட்டவேண்டாத குடும்பத்துக்குக்கூட முழுத் தொகையும் கிடைக்கும். எந்தக் கிரெடிட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் கேட்கவேண்டியது இது ரீஃபண்டபிளா, இல்லையா என்பதுதான். ஏழைக் குடும்பத்துக்கு உதவுகிறோம் என்று அறிவித்துவிட்டு ரீஃபண்டபிள் இல்லாமல் விட்டால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு எதுவும் போய்ச் சேராது.

நியூ ஜெர்சி தரும் மூன்று

குழந்தை உள்ள, வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு நியூ ஜெர்சியில் மூன்று கிரெடிட்கள் முக்கியம். மூன்றுமே ரீஃபண்டபிள். இது பெரிய விஷயம். எல்லா மாநிலங்களும் இப்படி இல்லை. கலிஃபோர்னியாவின் பராமரிப்புச் செலவுக் கிரெடிட், உதாரணமாக, வரி பூஜ்யமானதும் நின்றுவிடும்.

முதலாவது, ஈ.ஐ.டி.சி. (Earned Income Tax Credit). உழைத்துச் சம்பாதிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு 1975லிருந்து தரும் கிரெடிட் இது. உழைத்துச் சம்பாதித்த வருமானம் இருந்தால்தான் கிடைக்கும். 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதன்மேல் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. நியூ ஜெர்சி 2000ல் சேர்ந்தது. இப்போது மத்தியத் தொகையில் 40 சதவீதம் தருகிறது. தனிக் கணக்கு எதுவும் இல்லை; மத்தியத் தொகை தெரிந்தால் அதை 0.4 ஆல் பெருக்கவேண்டியதுதான். இரண்டு குழந்தைகள் உள்ள தம்பதிக்கு 2025ல் வருமான எல்லை 64,430 டாலர். டேகேர் செலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது கிடைக்கும்.

இரண்டாவது, குழந்தைக் கிரெடிட். 2022ல் குழந்தைக்கு அதிகபட்சம் 500 டாலர் என்று தொடங்கியது; 2023லிருந்து 1,000. ஆண்டு முடியும்போது குழந்தைக்கு ஐந்து வயது அல்லது அதற்குக் கீழ் இருக்கவேண்டும். மாநில வரிக்குரிய வருமானம் (மாநிலம் தரும் விலக்குகள் போக மீதி) 30,000 டாலர் வரை 1,000. அதைத் தாண்டி 40,000 வரை 800. 50,000 வரை 600. 60,000 வரை 400. 80,000 வரை 200. அதற்குமேல் இல்லை. இதற்கும் செலவு ரசீது தேவையில்லை. பாட்டி ஊரிலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறார், டேகேருக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை என்றாலும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் நேரடியாக டேகேர் பில்லோடு தொடர்புள்ளது: பராமரிப்புச் செலவுக் கிரெடிட். இதுவும் மத்தியக் கிரெடிட்டின்மேல் சதவீதம். மாநில வரிக்குரிய வருமானம் 30,000 வரை இருந்தால் மத்தியத் தொகையில் 50 சதவீதம். 60,000 வரை 40. 90,000 வரை 30. 1,20,000 வரை 20. 1,50,000 வரை 10. இது 2021லிருந்துதான் ரீஃபண்டபிள் ஆனது.

ஆக, இதைப் புரிந்துகொள்ள மத்தியக் கணக்கு தெரியவேண்டும். அங்கேதான் சிக்கல். மத்திய அரசு நீங்கள் செலவு செய்ததை முழுதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்குமேல் என்றால் மொத்தம் 6,000 டாலர். மாதம் 1,200 கட்டுகிற வீட்டில் அந்த 3,000 மார்ச் பாதியிலேயே தீர்ந்துபோகும். 2003லிருந்து இதே எல்லைதான். 2021ல் ஒரே ஓர் ஆண்டு மட்டும் 8,000, 16,000 என்று உயர்த்தி, மறுவருடமே பழையபடி இறக்கிவிட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேலாக விலைவாசி ஏறியும் இந்த எண் ஏறவில்லை என்பது எனக்குச் சரியாகவே படவில்லை. அந்த 3,000 அல்லது 6,000ல் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பது வருமானத்தைப் பொறுத்தது. 15,000 டாலருக்குக் கீழ் 35 சதவீதம். வருமானம் ஏற ஏற இறங்கி, 43,000ஐத் தாண்டினால் எல்லோருக்கும் 20 சதவீதம். இது 2025 கணக்கு.

இரண்டு குடும்பங்கள், இரண்டு கணக்கு

ஜெர்சி சிட்டியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன் ஒரு கிடங்கில் வேலை, மனைவி ஒரு மருந்துக்கடையில். இருவருக்குமாக 58,000 டாலர். குழந்தைகளுக்கு மூன்று வயதும் ஏழு வயதும். சின்னவனுக்கு டேகேர் மாதம் 1,200. பெரியவளுக்குப் பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் இடம் மாதம் 300. ஆண்டுச் செலவு 17,000ஐத் தாண்டும். கணக்கில் ஏறுவது 6,000 மட்டும். அதில் 20 சதவீதம், 1,200 டாலர், மத்தியக் கிரெடிட்.

இனி மாநிலம். தம்பதிக்குத் தலைக்கு 1,000, குழந்தைகளுக்குத் தலைக்கு 1,500 விலக்குப் போனால் மாநில வரிக்குரிய வருமானம் 53,000. வாடகைக்கு உள்ள கழிவை இங்கே எளிமைக்காக விட்டுவிடுகிறேன். 1,200ல் 40 சதவீதம், 480 டாலர். மூன்று வயதுக் குழந்தைக்கு 400. மத்திய ஈ.ஐ.டி.சி. சுமார் 1,350 வரும். அதில் 40 சதவீதம் சுமார் 540. மொத்தம் ஏறக்குறைய 1,420 டாலர். இவர்கள் நியூ ஜெர்சிக்குக் கட்டவேண்டிய வரியோ சுமார் 880தான். அதாவது, சம்பளத்தில் பிடித்த மாநில வரி மொத்தமும் திரும்பி வந்து, அதற்குமேல் 540 டாலரும் வரும்.

இன்னொரு வீடு. தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மா, குழந்தைக்கு இரண்டு வயது. 2025ல் நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க வேலை பார்த்தால் 32,219 டாலர். டேகேருக்குக் கையிலிருந்து 3,000க்கு மேல் கட்டியிருக்கிறார். மத்திய சதவீதம் 26. அதனால் 780 டாலர். விலக்குகள் போக மாநில வரிக்குரிய வருமானம் 29,719; 30,000க்குள் இருப்பதால் 780ல் பாதி, 390. குழந்தைக் கிரெடிட் முழு 1,000. ஈ.ஐ.டி.சி.யில் மாநிலப் பங்கு சுமார் 1,160. கூட்டினால் மாநிலத்திலிருந்து மட்டும் 2,550 டாலர். அவருடைய மாநில வரி 450 டாலர்தான்.

இந்தக் கணக்கில் ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள். 30,000 என்ற கோட்டுக்கு வெறும் 281 டாலர் கீழே நிற்கிறார் அவர். டிசம்பரில் ஓவர்டைம் பார்த்து 300 டாலர் கூடச் சம்பாதித்தால் கோட்டைத் தாண்டிவிடுவார். குழந்தைக் கிரெடிட் 800 ஆகிவிடும், பராமரிப்புக் கிரெடிட் 50லிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கும். இரண்டுமாகச் சேர்ந்து 278 டாலர் போச்சு. ராத்திரி கண்விழித்துச் சம்பாதித்த 300ல் 22 டாலர் மிச்சம், அதிலும் வரி உண்டு. வேலை பார்க்கும் குடும்பத்துக்கு உதவி என்று பெயர் வைத்துவிட்டு, கூடுதலாக வேலை பார்த்ததற்குப் பிடுங்கிக்கொள்வது அநியாயம். ஈ.ஐ.டி.சி.யில் வருமானம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொகை குறைகிறது. மற்ற இரண்டையும் அப்படியே சாய்வாக அமைத்திருக்கலாம். சட்டம் மாறும்வரை, கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் ஆண்டுக் கடைசியில் தங்கள் மொத்த வருமானத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு குறையும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. மத்தியப் பராமரிப்புக் கிரெடிட் ரீஃபண்டபிள் இல்லை. தனி அம்மாவின் வருமானம் 32,000க்குப் பதில் 22,000 என்றால் மத்திய வரியே வராது. அதனால் அந்தக் கிரெடிட்டும் பூஜ்யம். நீங்கள் வாங்கிய மத்தியத் தொகையில் இத்தனை சதவீதம் என்று சட்டம் எழுதும் எந்த மாநிலத்திலும் பூஜ்யத்தின் சதவீதம் பூஜ்யம்தான். நியூயார்க் இதை நன்றாகச் சமாளித்திருக்கிறது: மத்தியக் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தால் போதும், அதை நீங்கள் எடுத்திருக்கவேண்டும் என்பதில்லை. குறைந்த வருமானத்துக்கு மத்தியத் தொகையில் 110 சதவீதம் வரை தருகிறது. ஒரு மாநிலம் மனது வைத்தால் மத்தியச் சட்டத்தின் ஓட்டையை அடைக்கமுடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

எது செலவாகும், எது ஆகாது

பராமரிப்புக் கிரெடிட்டின் அடிப்படை விதி: நீங்கள் வேலைக்குப் போவதற்காகக் குழந்தையை யாரிடமாவது விட்டுப் பணம் கட்டியிருக்கவேண்டும். குழந்தைக்கு 13 வயது ஆகியிருக்கக்கூடாது. தம்பதி என்றால் இருவரும் சம்பாதித்திருக்கவேண்டும், சேர்ந்து தாக்கல் செய்யவேண்டும். இங்கேதான் நம் குடும்பங்கள் பல தடுக்கி விழுகின்றன. கணவன் எச்-1பி வேலை விசாவில், மனைவி அவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில், மனைவிக்கு வேலை அனுமதி இல்லை என்றால், குழந்தையைப் பழகட்டும் என்று டேகேரில் சேர்த்திருந்தாலும் கிரெடிட் இல்லை. ஆனால் மனைவி முழுநேர மாணவி என்றால் விதி மாறும். படித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் 250 டாலர், இரண்டு குழந்தைகள் என்றால் 500 டாலர் சம்பாதித்ததாக வைத்துக்கொள்வார்கள். மாஸ்டர்ஸ் படிக்கும் மனைவியோ கணவனோ இருக்கும் வீட்டில் இதைத் தவறவிடக்கூடாது. பகுதிநேர வேலை என்றால் இன்னொன்று: இருவரில் குறைவாகச் சம்பாதிப்பவரின் வருமானத்துக்குமேல் செலவு கணக்கில் ஏறாது. மனைவி ஆண்டுக்கு 4,000 சம்பாதித்திருந்தால், இரண்டு குழந்தைகள் இருந்தாலும் 4,000தான் எல்லை.

டேகேர், ப்ரீஸ்கூல், பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளும் இடம், கோடை விடுமுறையில் பகல்நேர கேம்ப், வீட்டுக்கு வரும் ஆயா எல்லாம் செல்லும். இரவு தங்கும் கேம்ப் செல்லாது. கிண்டர்கார்டன் முதல் மேலே பள்ளிக் கட்டணம் செல்லாது. கணக்கு டியூஷன் செல்லாது. அது படிப்பு, பராமரிப்பு அல்ல. அரசு மானியத்தில் டேகேர் போகும் குழந்தைக்கு நீங்கள் கையிலிருந்து கட்டிய பங்கு மட்டும் செல்லும். கணவன் அல்லது மனைவிக்கோ, 19 வயது ஆகாத சொந்தப் பிள்ளைக்கோ கொடுத்த பணம் செல்லாது. விசிட்டர் விசாவில் வந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்ததாகக் காட்டலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. சில நூறு டாலருக்காக அம்மாவின் அடுத்த பயணத்தையே கெடுத்துக்கொள்வதாகிவிடும்.

யாரிடம் விட்டீர்களோ அவர்களின் பெயர், முகவரி, வரி எண் மூன்றையும் மத்திய வரித் தாக்கலோடு சேரும் படிவம் 2441ல் எழுதவேண்டும். பெரும்பாலான டேகேர்கள் ஜனவரியில் ஒரு பக்கச் சீட்டு தரும். மேலே நிறுவனத்தின் பெயர், கீழே ஒன்பது இலக்க எண், அப்புறம் குழந்தையின் பெயரும் ஆண்டு முழுக்கக் கட்டிய தொகையும். தராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். குழந்தை வேறு டேகேருக்கு மாறியிருந்தால் பழைய இடத்திலும் கேட்கவேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு அக்காவிடம் ரொக்கமாகக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அவர் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ, அது இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடின் (ITIN) எண்ணையோ தரவேண்டும். அதைக் குழந்தையைச் சேர்க்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. ஏப்ரலில் போய்க் கேட்டால் இருவருக்கும் சங்கடம்.

எண் விஷயத்தில் குழந்தைக்கும் வித்தியாசம் உண்டு. மத்திய ஈ.ஐ.டி.சி.க்கு பெற்றோர், குழந்தை எல்லோருக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்து எச்-4ல் வந்த குழந்தைக்கு அது இருக்காது, ஐடின்தான் இருக்கும். அந்தக் குழந்தைக்கு மத்திய அரசின் குழந்தைக் கிரெடிட்டும் கிடைக்காது. ஆனால் பராமரிப்புச் செலவுக் கிரெடிட்டுக்கு ஐடின் போதும். நியூ ஜெர்சியின் குழந்தைக் கிரெடிட்டும் ஐடின் எண்ணை ஏற்றுக்கொள்கிறது. மத்தியில் இல்லை என்றதும் மாநிலத்திலும் இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எடிசனிலோ பிளெய்ன்ஸ்பரோவிலோ இருவரும் ஐ.டி. வேலை பார்க்கும் வீட்டில் மாநில வரிக்குரிய வருமானம் 1,50,000ஐத் தாண்டிவிட்டால் மாநிலத்தின் மூன்றில் எதுவும் கிடைக்காது. அவர்களுக்குப் பொருந்துவது, வேலை செய்யும் நிறுவனம் வழியாக வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்கும் பராமரிப்பு எஃப்.எஸ்.ஏ. கணக்கு. 2025 வரை 5,000 டாலர், 2026லிருந்து 7,500. அதில் போட்ட ஒவ்வொரு டாலரும் கிரெடிட்டுக்கான 3,000 அல்லது 6,000 எல்லையிலிருந்து கழிந்துவிடும். ஒரே செலவுக்கு இரண்டு சலுகை கிடையாது. அதிக வரி அடுக்கில் இருப்பவருக்கு எஃப்.எஸ்.ஏ. லாபம். மேலே பார்த்த 58,000 டாலர் குடும்பத்துக்கோ மத்திய 20 சதவீதமும் மாநிலத்தின் 8 சதவீதமும் (அந்த 20ல் 40 சதவீதம்) சேர்ந்து டாலருக்கு 28 சென்ட் கிரெடிட்டிலேயே வந்துவிடுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் எஃப்.எஸ்.ஏ. எடுக்கிறார்கள் என்று யோசிக்காமல் கையெழுத்துப் போடுவதற்குமுன் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கவேண்டும்.

2026 வருமானத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறுகிறது. 2025ல் நிறைவேறிய மத்தியச் சட்டம் உச்ச சதவீதத்தை 35லிருந்து 50 ஆக்கியது. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 1,50,000 டாலர் வரை 35க்குக் கீழே இறங்காது. செலவு எல்லை மட்டும் அதே 3,000, 6,000தான். ஜெர்சி சிட்டி குடும்பத்துக்கு மத்தியத் தொகை 1,200லிருந்து 2,100 ஆகும். மாநிலத்தின் 40 சதவீதம் அதன்மேல் என்றால் 480 இருந்த இடத்தில் 840. மத்தியக் கிரெடிட்டின்மேல் சதவீதம் வைப்பதில் உள்ள நன்மை இது. அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும். இறங்கினால் இறங்கவும் செய்யும், 2022ல் நடந்ததுபோல.

கடைசியாக நடைமுறை. நியூ ஜெர்சியில் தனி ஆளுக்கு 10,000, தம்பதிக்கு 20,000 டாலருக்குக் கீழ் வருமானம் என்றால் வரி தாக்கல் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தாக்கல் செய்யாதவர்களுக்கு இந்தக் கிரெடிட் எதுவும் தானாக வராது; மாநில வரிப் படிவமான என்ஜே-1040 போட்டே ஆகவேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீட்டா (VITA) என்ற திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நூலகங்களிலும் சமூக மையங்களிலும் இலவசமாகத் தாக்கல் செய்து தருகிறார்கள். போகும்போது டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சீட்டு), குழந்தைகளின் எண்கள், டேகேர் சீட்டு, வங்கிக் கணக்கு எண் எடுத்துப் போனால் போதும். முந்தைய ஆண்டுகளில் 'இல்லை' என்று அழுத்தியிருந்தால், தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தப் படிவம் போட்டு அந்தப் பணத்தை இப்போதும் கேட்டு வாங்கலாம்.